கேஸ் போடும் முன் கசிவைத் தேடுங்கள்

காருக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுவதுதான் கார் ஏசியின் வேலை. அந்த வெப்பத்தைச் சுமப்பது குழாய்களுக்குள் சுற்றிவரும் கேஸ். பல கார்களில் அது ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். கம்ப்ரசர் அதை அழுத்தி அனுப்ப, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பேன்ஷன் வால்வின் நுண்துளை வழியே பீய்ச்சப்பட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

குளிர் குறைந்தால் உடனே கேஸ் போடச் சொல்வதுதான் வழக்கம். அதற்குமுன் செலவில்லாமல் பார்க்க வேண்டியவை உண்டு. காற்றே குறைவாக வந்தால் ஏசி ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும்; பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் கையாலேயே எடுத்துவிடலாம். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் குளிர் போய்விட்டால் கண்டென்சர் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரசர் ஓடவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் பழுதாகியிருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்ததால் பிரஷர் சுவிட்சே அதை நிறுத்தியும் இருக்கலாம்.

மீதியை, கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜ் சொல்லும். வெயில் நாளில் நன்றாக இயங்கும் ஏசியில் தாழ்வழுத்தப் பக்கம் சுமார் 30 முதல் 45 பி.எஸ்.ஐ., உயர்வழுத்தப் பக்கம் சுமார் 200 முதல் 250 பி.எஸ்.ஐ. காட்டும். இரண்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கண்டென்சரில் அழுக்கு, ஃபேன் கோளாறு அல்லது அளவுக்கு மீறிய கேஸ். தாழ்வழுத்தம் ஏறி உயர்வழுத்தம் இறங்கியிருந்தால் கம்ப்ரசர் தளர்ந்திருக்கிறது.

கேஸ் பெட்ரோலைப்போல எரிந்து தீர்வதல்ல. ஒரே கோடையில் குறைந்துவிட்டால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கூடவே கம்ப்ரசருக்கான ஆயிலும் வெளியேறுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். குழாய் இணைப்புகளின் ஓ-ரிங், கல் பட்ட கண்டென்சர், கம்ப்ரசரின் முன்பக்க சீல் ஆகியவற்றை முதலில் பார்ப்பார்கள். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். கூலிங் காயில் கசிந்தால்தான் செலவு. டேஷ்போர்டையே பிரிக்க வேண்டிய கார்களும் உண்டு. கசிவை விட்டுவிட்டு ஆண்டுதோறும் டாப்-அப் செய்தால், ஆயில் குறைந்து கடைசியில் கம்ப்ரசரே சிக்கிக்கொள்ளும்.

கசிவை அடைத்தபின், உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கக் குறைந்தது அரைமணி நேரம் வேக்கம் போட வேண்டும். அவசரத்தில் பலரும் தவிர்ப்பது இதைத்தான். தவிர்த்தால் உள்ளே தங்கும் ஈரம் வால்வில் உறைந்து வழியை அடைக்கும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். குழாய்கள் திறந்து கிடந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றுவதே நல்லது. பிறகு, பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவின்படி, எடை போட்டே கேஸ் ஏற்ற வேண்டும். பல சிறிய கார்களுக்கு அரைக் கிலோகூடத் தேவைப்படாது.

பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடவும் கூடாது. புவியைச் சூடாக்குவதில் ஆர்-134ஏ, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அதை மெஷினில்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கசிவு எங்கே இருந்தது, எத்தனை கிராம் கேஸ் ஏறியது என்ற இரண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.