கரண்ட் காரின் பின் கண்ணாடி உடைந்தால்...

பெங்களூர் ஓசூர் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் கார்கள் ஓடுவதில்லை, நகர்கின்றன. அப்படி நகர்ந்துகொண்டிருந்த ஒரு மின்சார டாக்சிக்குப் பின்னால், இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. நின்றது என்பதைவிட, நிற்கப் பார்த்தது என்பதே சரி. நீட்டிக்கொண்டிருந்த குழாய் ஒன்றின் நுனி, காரின் பின் கண்ணாடி ஓரத்தில் இலேசாகத்தான் பட்டது. அடுத்த கணம் முழுக் கண்ணாடியும் பொலபொலவென்று டிக்கிக்குள்ளும் ரோட்டிலும் உதிர்ந்துவிட்டது.

டிரைவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். பொம்மனஹள்ளியில் ஒற்றை அறையில் குடும்பத்தோடு குடியிருக்கிறார். வண்டி அவருடையதல்ல, நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதலாளிக்கு வாடகை கட்டியாக வேண்டும். இறங்கி அவர் பின்புறம் போய்ப் பார்ப்பதற்குள், குழாய் ஏற்றிய ஆட்டோ நெரிசலுக்குள் நுழைந்து மறைந்துவிட்டது. அதன் நம்பரைக் கூட அவர் குறித்துக்கொள்ளவில்லை.

பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்தைப் பார்த்த முதல் பட்டறைக்காரர் கையை உதறினார். கரண்ட் வண்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கும், கம்பெனிக்கே கொண்டுபோ என்றார். இரண்டாவது பட்டறைக்காரர் தொடத் தயாராக இருந்தார். ஆனால் இது ‘ஸ்பெஷல்’ கண்ணாடி என்று சொல்லி, சாதாரண காருக்குக் கேட்பதைப்போல் இரண்டு மடங்கு கேட்டார். ஒருவர் பயமுறுத்தினார், மற்றவர் விலையை ஏற்றினார். இரண்டுமே சரியல்ல.

உதிரும் கண்ணாடி, உதிராத கண்ணாடி

காரின் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஜாதி வேறு. முன் கண்ணாடி என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. கல் பட்டால் சிலந்தி வலைபோல விரிசல் விடும், விழாது. பின் கண்ணாடி பெரும்பாலான வண்டிகளில் ஒற்றைத் தகடுதான். வேண்டிய வடிவத்துக்கு வெட்டி, துளை போட்டு, வளைத்த பிறகு, 600 டிகிரிக்கும் மேலே சூடாக்கி, சட்டென்று காற்றை அடித்துக் குளிர வைக்கிறார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்புறம் பிறகு இறுகும்போது மேல்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. எப்போதும் நாண் ஏற்றிய வில்லைப்போல ஒரு விறைப்பு அதற்குள் இருந்துகொண்டே இருக்கும்.

இந்த விறைப்பால்தான் நடுவில் கையால் குத்தினாலும் அது தாங்குகிறது. இதே விறைப்பால்தான் ஓரத்தில் ஒரு சிறு அடி பட்டாலும் முழுவதும் மணிமணியாக உதிர்ந்துவிடுகிறது. ‘லேசாகத்தானே பட்டது, எப்படி உடையும்?’ என்று முதலாளி டிரைவரைச் சந்தேகப்படுவது வழக்கம். லேசாகப் பட்டாலும் உடையும். பட்ட இடம் ஓரமாக இருந்தால் போதும். கத்திபோலக் கிழிக்காமல், கூரில்லாத மணிகளாக உதிர்வது உள்ளே இருப்பவர்களின் உயிரைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இப்படிப் பதப்படுத்திய கண்ணாடியைப் பிறகு வெட்டவோ, துளை போடவோ முடியாது. ஆகவே ‘வேறு வண்டிக் கண்ணாடியை வெட்டிப் பொருத்தித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஷாக் அடிக்குமா?

மின்சாரக் காரில் இரண்டு பேட்டரிகள் உண்டு. காரை ஓட்டும் பெரிய பேட்டரி இன்றைய கார்களில் பெரும்பாலும் தரைக்கு அடியில் இருக்கிறது. அதில் சாதாரணமாக 300 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். அது ஆளைக் கொல்லக்கூடியது, விளையாட்டில்லை. அதிலிருந்து போகும் வயர்களுக்கு ஆரஞ்சு நிற உறை போட்டிருப்பார்கள். இன்னொன்று, பெட்ரோல் காரில் இருப்பதைப்போன்ற 12 வோல்ட் பேட்டரி. விளக்கு, ஹாரன், வைப்பர், பின் கண்ணாடியைச் சூடாக்கும் கம்பிகள் எல்லாம் இந்தச் சின்ன பேட்டரியைச் சேர்ந்தவை. பின் கண்ணாடி மாற்றுகிறவர் கழற்றி மாட்ட வேண்டிய வயர்கள் இந்த 12 வோல்ட் வகையே. ஆரஞ்சு வயர் எங்கே கண்ணில் பட்டாலும் அதன் பக்கம் கை போகக் கூடாது. கண்ணாடி வேலைக்கு அது தேவையும் இல்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மின்சாரக் கார் சத்தம் போடாது. பெட்ரோல் வண்டி என்றால் இஞ்சின் ஓடுவது காதில் விழும். இதுவோ புறப்படத் தயாராக நின்றாலும் அணைந்து நிற்பதுபோலவே இருக்கும். உள்ளே உட்கார்ந்து மணிகளைப் பொறுக்கும் பையனின் கால் தெரியாமல் ஆக்சிலரேட்டரில் பட்டால், பின்னால் கண்ணாடியைத் தாங்கி நிற்பவர் கதி என்ன? ஆகையால் வேலை தொடங்கும் முன் வண்டியை முழுதாக அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை டிரைவர் தன் பையில் வைத்துக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். சார்ஜில் போட்டபடி வேலை செய்யக் கூடாது.

மறுநாள் காலை தர்மபுரிக்காரர் பாலிதீன் தாளை ஒட்டிக்கொண்டு சவாரிக்குப் போய்ப் பார்த்தார். தாள் படபடவென்று அடித்தது. குளிர்ந்த காற்று வெளியே போனது, ஏ.சி. விடாமல் ஓடியது. மின்சாரக் காரில் ஏ.சி.யும் அதே பெரிய பேட்டரியைத்தான் குடிக்கிறது. மதியத்துக்குள்ளேயே மறுபடி சார்ஜ் போட வேண்டியதாயிற்று. அன்று மாலையே அவர் ஜே.சி. ரோட்டுக்கு வண்டியை விட்டார்.

ஜே.சி. ரோட்டில்

கலாசிபாளையத்தை ஒட்டிய ஜே.சி. ரோடு, மோட்டார் சாமான் கடைகளுக்குப் பெயர் போனது. அங்கே தமிழில் கேட்டாலே போதும். பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும். கண்ணாடி மாட்டுகிற பெரியவர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இதே பாடியில பெட்ரோல் வண்டியும் வருதே தம்பி, முதல்ல பார்ட் நம்பரைப் பாரு” என்றார்.

விஷயம் அதுதான். டாட்டாவின் நெக்ஸான், டிகோர் போன்ற வண்டிகள் பெட்ரோலிலும் வந்தன, மின்சாரத்திலும் வந்தன. ஒரே கூட்டில் எஞ்சினுக்குப் பதிலாக மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட வண்டிகளில் பின் கண்ணாடியும் பல வேளைகளில் ஒன்றாகவே இருக்கும். இரண்டு பார்ட் நம்பரும் ஒன்றாக இருந்தால் விலையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ‘ஸ்பெஷல்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. மின்சாரத்துக்கென்றே தனியாகக் கட்டிய வண்டி என்றால் கதை வேறு. கண்ணாடிக்குச் சில நாள் காத்திருக்கவும் நேரலாம்.

அப்படித் தனியாகக் கட்டிய வண்டி ஒன்று இதே பெங்களூரில்தான் பிறந்தது. 2001-ல் வெளிவந்த ரேவா கார். முன் சீட்டுகளுக்கு அடியில் எட்டு ஈய-அமில பேட்டரிகளை வைத்துக்கொண்டு, லண்டன் தெருக்கள் வரை போய்வந்த வண்டி. 2010-ல் அந்தக் கம்பெனி மஹிந்திரா வசமாயிற்று. 2013-ல் இ2ஓ என்ற புது வண்டி வந்தது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று. ரேவாவை இன்னும் ஆசையாக வைத்திருப்பவருக்குப் பின் கண்ணாடி உடைந்தால், ஓடாமல் நிற்கும் இன்னொரு ரேவாவைத் தேட வேண்டியதுதான். அந்த வகையில் டாக்சிக்காரர் அதிர்ஷ்டசாலி.

கடையில் கண்ணாடியை வாங்கும்போது பார்க்க வேண்டியது, மூலையில் பொறித்திருக்கும் முத்திரை. ஐ.எஸ்.ஐ. குறியும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்க வேண்டும். பழைய கண்ணாடியில் சூடாக்கும் கோடுகள் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். அந்தக் கோடுகள் வெறும் அலங்காரமல்ல. வெள்ளிக் கலவையில் அச்சிட்ட மின்கம்பிகள். மழைக்காலத்தில் பின்னால் வரும் லாரியைக் காட்டிக் கொடுப்பவை. கோடில்லாத கண்ணாடி விலை குறைவு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதோடு கறுப்பு பிலிமும் ஒட்டித் தருகிறோம் என்பார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதிப்படி பின் கண்ணாடி வழியே குறைந்தது 70 சதவீத வெளிச்சம் போக வேண்டும். கறுப்பு பிலிம் கூடாது என்று 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவிட்டது. பிலிம் ஒட்டுவது கடைக்காரர். அபராதம் கட்டுவது டிரைவர்.

பெரியவர் வேலையைத் தொடங்கியதும் முதலில் கண்ணாடியைத் தொடவில்லை, வேக்குவத்தைத்தான் எடுத்தார். சீட் இடுக்கு, பெல்ட் சுருள், டிக்கிப் பூட்டு, ஸ்டெப்னி குழி என்று அரை மணி நேரம் உறிஞ்சினார். பிறகு சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பசையை முழுதும் சுரண்டாமல், மெல்லிய படலம் ஒன்றை விட்டுச் சீவினார். இரும்பு வரை சுரண்டினால் பெயிண்ட் போய்த் துரு பிடிக்கும். மேலே பிரைமர் பூசினார். புதுப் பசையை ஒரே கனத்தில், இடையில் அறுந்துபோகாமல் சுற்றிலும் இழுத்தார். இருவர் உறிஞ்சு கைப்பிடிகளால் கண்ணாடியைத் தூக்கி ஒரே தடவையில் வைத்து, டேப் போட்டு நிறுத்தினார்கள்.

அந்தப் பசை பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அது காய்வது வெயிலால் அல்ல, காற்றிலுள்ள ஈரத்தால். ஆனால் ஒட்டுமிடத்தில் தண்ணீர் இருந்தால் பிடிக்காது. சில இடங்களில் காசை மிச்சப்படுத்த, குளியலறைக்குப் பூசும் சிலிக்கானை வைத்து ஒட்டிவிடுகிறார்கள். புளிப்பு வாடை அடித்தால் அதுதான். அது கண்ணாடியைத் தாங்கும் பலம் உள்ளதல்ல. அடியிலுள்ள இரும்பையும் அரிக்கும். நாலு மழை கழித்து டிக்கிக்குள் ஈரம் தெரியும். சில மின்சாரக் கார்களில் டிக்கித் தரைக்கு அடியில் மின் பெட்டிகள் உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த இடத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பது புரியும்.

எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது பசை டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படித்துக் காட்டச் சொல்லலாம். அவசரப்பட்டு எடுத்துப் போகும் டிரைவர்கள்தான் மறுவாரம் திரும்பி வருகிறார்கள். முதல் நாள் ஒரு ஜன்னலைச் சற்றே இறக்கி வைக்க வேண்டும். எல்லாம் மூடிய காரில் கதவை அறைந்தால் உள்ளே இருக்கும் காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். டிக்கியையும் ஓங்கிச் சாத்தக் கூடாது. இரண்டு நாளைக்குப் பிரஷர் தண்ணீர் அடிக்கும் வாட்டர் சர்வீஸ் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

யார் பையிலிருந்து?

வாடகை டிரைவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. இன்ஷூரன்ஸ் முதலாளி பெயரில் இருக்கிறது. டிரைவரின் டெபாசிட் முதலாளி கையில் இருக்கிறது. ‘இன்ஷூரன்ஸில் பாதிதான் தருவான், மீதியை உன் டெபாசிட்டில் பிடிக்கிறேன்’ என்ற பேச்சைக் கேட்காத டிரைவர் குறைவு.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்த வண்டிக்குக் கண்ணாடிக்கென்று ஒரு பைசா வராது என்பது உண்மை. ஆனால் முழு இன்ஷூரன்ஸ் எடுத்த வண்டியில், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத்தான் பாதியைத் தேய்மானமாகக் கழிக்கிறார்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. பாலிசியில் குறித்துள்ள கட்டாயப் பிடித்தம் ஒன்றுதான் கழியும். ஆகவே கண்ணாடிக்குப் பாதிதான் வரும் என்பது சரியல்ல. பாலிசி நகலை ஒரு தடவை கேட்டு வாங்கிப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இன்ஷூரன்ஸ் பணம் வந்த பிறகும் டெபாசிட்டில் பிடித்தால், ஒரே கண்ணாடிக்கு இரண்டு பேர் விலை கொடுத்ததாகிறது.

முதலாளி பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. கிளெயிம் கேட்காத வருடங்களுக்குச் சொந்தச் சேத பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கிறது. முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதம் ஆகிறது. பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் வருடமும் கேட்காமல் இருந்தவருக்கு 3,500 ரூபாய் மிச்சம். அந்த வருடம் கிளெயிம் கேட்டால் அது போய்விடும். ஏணியில் மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். கண்ணாடியின் செலவு அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றால் கைக்காசில் மாற்றுவதே லாபம். தள்ளுபடியைக் காப்பாற்றித் தரும் கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் அந்தக் கவலையும் இல்லை. எப்படியானாலும் உடைந்த உடனே போட்டோ எடுத்து, கண்ணாடியைக் கழற்றும் முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மாட்டிய பிறகு சொன்னால் எதைப் பார்த்துப் பணம் தருவார்கள்? இடித்த வண்டியின் நம்பர் கிடைத்தால் போலீசில் எழுதிக் கொடுத்து, அந்த வண்டியின் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸிலேயே நஷ்டம் கேட்கவும் வழி உண்டு.

தர்மபுரிக்காரர் போட்டோ எடுத்திருந்தார். முதலாளியிடம் பாலிசியைக் கேட்டார். முதலாளி முதலில் முகம் சுளித்தார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கிளெயிம் வேண்டாம், செலவில் பாதியைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். மீதிப் பாதியை இரண்டு மாத வாடகையோடு சேர்த்துக் கட்டுவதென்று முடிவாயிற்று. நம்பரைக் குறிக்காமல் விட்டதுதான் தன் தவறு என்று டிரைவர் இன்னமும் சொல்லிக்கொள்கிறார்.

மூன்றாம் நாள் ஒரு குடம் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பார்த்தார்கள். டிக்கி உலர்ந்தே இருந்தது. சூடாக்கும் சுவிட்சைப் போட்டார்கள். காலைப் பனியில் மங்கியிருந்த கண்ணாடி கோடு கோடாகத் தெளிந்தது. பத்து மணிக்கு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஒரு சவாரி கிடைத்தது. பின் சீட்டில் உட்கார்ந்த அம்மாள், காலடியில் எதையோ எடுத்து, “என்னப்பா இது, கல்கண்டா?” என்று கேட்டாராம். வேக்குவத்துக்குத் தப்பிய கண்ணாடி மணி.