ஆர்.சி. விமானம்: மடக்கிய சக்கரம் கீழே இறங்கலையா? கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம், மேலே ஏறியதும் சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்வது பார்க்க கெத்துதான். ஆனால், திரும்ப வரும்போது சக்கரம் இறங்கலைன்னா, வயிறு தரையில் தேயத்தான் இறக்கணும். மாதக்கணக்கில் செய்த மாடல் ஒரு நொடியில் நொறுங்கலாம்.

எப்படி வேலை செய்யுது?

விமானத்துக்குள் சின்ன ஏர் டேங்க் இருக்கும். பல செட்களில் சுமார் 100 பிஎஸ்ஐ வரை காற்று அடைப்பார்கள். பைக் டயரில் இருப்பதைப் போல மூன்று மடங்கு! சர்வோ மோட்டார் வால்வை நகர்த்தியதும் ஒரு குழாயில் போகும் காற்று சக்கரத்தை மடக்கும். இன்னொரு குழாயில் போகும் காற்று இறக்கும்.

கசிவு எங்கே?

காற்றடைத்து, சக்கரம் இறங்கிய நிலையில் சில மணி நேரம் விட்டு பிரஷரைப் பாருங்க. பிறகு, மடக்கிய நிலையிலும் அதையே செய்யுங்க.

* ஒரு நிலையில் மட்டும் குறைந்தால்: அந்தப் பக்கக் குழாய் அல்லது இணைப்பைச் சந்தேகப்படலாம்.
* இரண்டிலும் குறைந்தால்: டேங்க், வால்வுகள், சிலிண்டருக்குள் இருக்கும் ஓ-ரிங்கைச் சோதிக்கணும்.

சோப்புத் தண்ணீர் தடவினால், வெளியே கசியும் இடத்தைக் குமிழி காட்டிக்கொடுத்துடும். குழாய் நுனி தளர்ந்திருந்தால் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி செருகுங்க. ஓ-ரிங் காய்ந்திருந்தால் சிலிகான் ஆயில் போடலாம், தேய்ந்திருந்தால் மாற்றணும்.

கசிவே இல்லையா?

சக்கரத்தின் கால் வளைந்து எங்காவது உரசுதான்னு கையால் மடக்கிப் பாருங்க.

ஒன்றை மறக்க வேண்டாம்: கசிவு இல்லாவிட்டாலும், ஒவ்வொரு முறை மடக்கி இறக்கும்போதும் டேங்கில் காற்று குறையும். அதனால் வானத்தில் சும்மா சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருந்தால், கடைசியில் இறங்குவதற்குக் காற்று மிஞ்சாது.