நூலும் இசையும்

அறிவு புகும் வாயில்களுள் கண்ணும் செவியும் தலைசிறந்தவை. இதனை நன்குணர்ந்தே திருவள்ளுவர், கற்றறிதலைக் கூறக் கல்வி என ஓர் அதிகாரமும், கேட்டறிதலைக் கூறக் கேள்வி என ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்த முன்னோரும் எழுத்தையும் இசையையும் உடன்பிறந்தவையாகவே போற்றினர். ஆதலின், உயர்நிலைப்பள்ளியில் வகுப்புப் பாடங்களோடு நூற்பயிற்சிக்கும் இசைப்பயிற்சிக்கும் இடம் அளித்தல் புதுமை அன்று; பழைய நெறியின் தொடர்ச்சியே ஆகும்.

பாடநூல் இன்றியமையாதது. ஆயினும், அது வழியைக் காட்டும் கைகாட்டி மரம் போன்றதே. கைகாட்டியின் அடியிலேயே நின்றுவிடுபவன் ஊர் சென்று சேரான். வரலாற்றுப் பாடத்தில் இராசராச சோழனைப் பற்றிச் சில வரிகள் படித்த மாணவன், தஞ்சைப் பெரிய கோயில் எவ்வாறு எழுப்பப்பெற்றது என்று அறிய விரும்புகிறான். விண்மீன்களைப் பற்றிப் படித்த மாணவி, அவற்றின் தொலைவை எங்ஙனம் அளந்தனர் என்று வினவுகிறாள். 12 முதல் 17 வயது வரையுள்ள பருவம், இத்தகைய வினாக்கள் பெருகும் பருவம். அவ்வினாக்களுக்கு விடை தரும் இடம் நூலகம்.

நூலகம் என்பது நூல்களைக் காவல் செய்யும் இடம் அன்று. முற்காலத்தில் ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணித்து வைத்திருந்தனர். கையால் எழுதப்பெற்ற நூல்கள் கிடைத்தற்கு அரியனவாகவும் விலைமிக்கனவாகவும் இருந்தமையே அதற்குக் காரணம். அச்சுப்பொறி பெருகியபின் சங்கிலி மறைந்தது. ஆனால், பூட்டிய அலமாரி பல இடங்களில் நிலைத்துவிட்டது. நூல் தொலைந்துவிடுமே என்னும் அச்சத்தால் எவரும் அதைத் தொடாதபடி காப்பவர், அந்நூலின் பயனையே தொலைத்தவர் ஆவர்.

இக்குறையைப் போக்கப் பாடுபட்ட பெரியார், சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அவர், 1924-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்தார். அவ்வாண்டே இலண்டன் சென்று நூலகக்கலை பயின்றார்; அந்நாட்டு நூலகங்கள் பலவற்றை நேரிற் கண்டு ஆராய்ந்தார். 1931-ஆம் ஆண்டு நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். நூல் பயன்படுவதற்கே உரியது. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் கிடைத்தல் வேண்டும். ஒவ்வொரு நூலும் தன்னைப் படிப்பவரை அடைதல் வேண்டும். படிப்பவரின் காலம் வீணாகலாகாது. நூலகம் உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருக்கும். இவையே அவ்விதிகளின் கருத்து. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த ஊர்களில், மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சென்று மக்களுக்கு வழங்கும் முறையும் தொடங்கப்பெற்றது. 1948-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதும் அவர்தம் முயற்சியின் பயனே.

இவ்விதிகள் பள்ளி நூலகத்திற்கும் சாலப் பொருந்தும். நூல்கள் மாணவர் கைக்கெட்டும் உயரத்தில், திறந்த அடுக்குகளில் இருத்தல் வேண்டும். கதையை விரும்புவோன், கணிதப் புதிரை விரும்புவோன், பறவைகளைப் பற்றி அறிய விரும்புவோன் ஆகிய எல்லோர்க்கும் அங்கே நூல் இருத்தல் வேண்டும். வாரத்தில் ஒரு வேளையேனும் நூலகத்திற்கென ஒதுக்கப்பெறல் வேண்டும். அவ்வேளையில் மாணவன் தான் விரும்பிய நூலைத் தானே தேர்ந்தெடுத்தல் நன்று. நூல் வழங்கும் ஏட்டைப் பேணும் பொறுப்பை மாணவரே மாறி மாறி ஏற்கலாம். படித்ததைப் பிறர்க்கு எடுத்துரைக்க வாசகர் வட்டமும், எழுதிப் பழகக் கையெழுத்து இதழும் துணைசெய்யும். சிறந்த உரைநடைப் பகுதியை ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்பதும் ஒரு நல்ல பயிற்சியாகும்.

உரக்கப் படிக்கும்போது எழுத்து ஓசையாகிறது. ஓசை ஒழுங்குபெறும்போது இசையாகிறது. இங்கேதான் நூலறிவும் இசையறிவும் கைகோத்து நிற்கின்றன.

இசை பயில விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். இறைவன் அளித்த குரலே முதற்கருவி. இரு கைகளே முதல் தாளக்கருவி. ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டு, மூன்று விரலெண்ணல். பின்னர்த் தட்டும் வீச்சும் இருமுறை. ஆக எட்டு எண்ணிக்கை. இவ்வெட்டுக்குள் ஏழு சுரங்களையும் முதற்காலத்தில் மெல்லப் பாடிப் பழகுவர். இரண்டாம் காலத்தில் அதே சுரங்கள் இருமடங்கு விரைவு பெறும். மூன்றாம் காலத்தில் நான்மடங்கு விரைவு பெறும். தாளம் மாறாது, விரைவு மட்டும் மாறும். இப்பயிற்சியில் கணக்கும் உண்டு, மனவொருமையும் உண்டு. இச்சுரங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பழந்தமிழர் பெயரிட்டு வழங்கினர் என்பதை அறியும் மாணவன், இசை வழியே இலக்கியத்திற்கும் வந்து சேர்கிறான்.

உயர்நிலைப்பள்ளிப் பருவத்தில் சிறுவர்க்குக் குரல்வளை வளர்வதால் குரல் உடைந்து மாறுகிறது. நேற்றுவரை இனிமையாகப் பாடியவன், இன்று மேல்சுரம் எட்டாமல் நாணித் தலைகுனிகிறான். தனக்கு இசை வாராது என்று முடிவு செய்து விலகிவிடுவோரும் உளர். இஃது இயற்கையான மாறுதலே, நோய் அன்று. அக்காலத்தில் உரக்கக் கத்தாமல், சுருதியைத் தாழ்த்தி மெல்லப் பாடிவந்தால் குரல் பண்படும். இவ்வுண்மையை எடுத்துக்கூறி ஊக்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பின், வாழ்நாள் முழுதும் நிலைக்கும் இன்பம் ஒன்று அம்மாணவனுக்கு இழப்பாகாது.

குரலே முதற்கருவி என்னும் கொள்கையைக் கல்வி முறையாகவே ஆக்கிக் காட்டியவர், ஹங்கேரி நாட்டு இசையறிஞர் ஸோல்தான் கோடாய். 1882-ஆம் ஆண்டு பிறந்த அவர், சிற்றூர்களுக்குச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். குழந்தைகள் தம் தாய்மொழிப் பாடல்களைப் பாடியே இசை பயிலல் வேண்டும் என்றும், இசை சிலர்க்கு மட்டுமன்றி எல்லோர்க்கும் உரியது என்றும் வலியுறுத்தினார். அவர் பிறந்த கெச்கெமேட் நகரில் 1950-ஆம் ஆண்டு, இசைக்குச் சிறப்பிடம் தரும் தொடக்கப்பள்ளி ஒன்று தோன்றியது. தமிழகத்திலும் தாய்மொழியில் இசை வளர்க்கும் நோக்குடன் 1943-ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. பொருள் உணர்ந்து பாடும் பாட்டே உள்ளத்தில் வேரூன்றும்.

பலர் கூடிப் பாடும் சேர்ந்திசைக்குத் தனிச்சிறப்பு உண்டு. அதில் ஒருவன் தன் குரலை மட்டும் ஓங்கச் செய்தால் பாட்டுக் கெடும். அயலில் நிற்பவன் குரலைக் கேட்டுத் தன் குரலை அதனோடு இசைவித்தல் வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளையும் உழவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே சுருதியில் நிற்கும்போது, ஒற்றுமை என்பது சொல்லளவில் நில்லாமல் செயலாகிறது.

தேர்வு நெருங்குங்கால் முதலில் பறிபோவன நூலக வேளையும் இசை வேளையுமே. மதிப்பெண் தராத இவற்றால் பயன் யாது என்று சிலர் வினவுவர். அவர்கள் ஒன்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். வீட்டில் நூல்கள் நிறைந்த மாணவனுக்குப் பள்ளி நூலகம் மூடப்பட்டால் பேரிழப்பு இல்லை. தனியே ஆசிரியரை அமர்த்தி இசை பயில வசதியுள்ள மாணவிக்குப் பள்ளியில் இசை வேளை இல்லாமற் போனாலும் குறைவில்லை. ஆனால், நூல் என்பது பாடநூல் ஒன்றே என்றிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு வேளையே திறந்த கதவு. அதை மூடினால் வேறு கதவு அவனுக்கு இல்லை. பள்ளி இவ்வாய்ப்பை எல்லார்க்கும் பொதுவாக வழங்கும்போதுதான் கல்வி பொதுவுடைமையாகிறது.

பெறற்கரிய வாய்ப்பைப் பெற்றவர் அதனைப் பயன்கொள்ளுதல் கடமையாகும். நூலகம் திறந்திருக்கும்போது ஒரு நூலேனும் எடுத்துப் படித்தலும், கிழிக்காமல் உரிய நாளில் திருப்பித் தந்து அடுத்தவர்க்கு உதவுதலும் மாணவர்க்கு அழகு. நாணத்தை விடுத்துக் கூட்டத்தோடு குரல் சேர்த்துப் பாடுதலும் அத்தகையதே. தேர்வுக்குக் கற்றவற்றுள் பல காலப்போக்கில் மறந்துபோதல் கூடும். இளமையில் விரும்பிப் படித்த நூலும், தோழரோடு கூடிப் பாடிய பாட்டும் முதுமையிலும் உடனிருந்து துணைசெய்யும்.