கூடைக்குள் காய்க்கும் திராட்சை

கிரீஸ் நாட்டின் சந்தொரினித் தீவில் பழைய திராட்சைத் தோட்டங்களுக்குப் பந்தல் கிடையாது, கம்பியும் கிடையாது. கொடியை வட்டம் வட்டமாகச் சுற்றிப் பின்னி, தரையோடு ஒரு கூடையாக்கி வைத்திருக்கிறார்கள். குலைகள் அந்தக் கூடைக்குள்ளேயே காய்த்துப் பழுக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் தரிசில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்த புதர்போல இருக்கும்.

இப்படிப் பின்ன வைத்தது காற்று. ஏஜியன் கடலில் கோடை முழுக்க வடக்கிலிருந்து அடிக்கும் காற்றில் பந்தல் தாக்குப்பிடிப்பது கடினம். வசந்தத்தில் வீசும் காற்று பூவை உதிர்க்கும். அது வாரிவரும் மணல் பிஞ்சைக் கீறும். கூடையின் சுவர் அந்தக் காற்றைத் தடுத்துக்கொள்ள, மேலே கவிந்த இலைகள் வெயிலை மறைக்கின்றன.

காற்றைச் சமாளித்தாலும் தண்ணீருக்கு என்ன செய்வது? தீவில் ஆறு இல்லை. ஆண்டு மழை ஏறக்குறைய 300 மில்லிமீட்டர். அதுவும் குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். காய் பருக்கும் மாதங்களில் அநேகமாக ஒரு துளியும் விழாது. ஆனாலும் பழைய தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சும் வழக்கம் இருந்ததில்லை. விடை மண்ணில் இருக்கிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் இங்கே வெடித்த எரிமலை, தீவைச் சாம்பலாலும் நுரைக்கல்லாலும் மூடியது. நுரைக்கல்லில் எங்கும் நுண்துளைகள். மழைநீரை அவை பிடித்துவைக்கின்றன. இரவில் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனியின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. கொடிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டிருப்பதால் அந்தச் சிறு ஈரத்துக்கும் போட்டி குறைவு.

அதே மண்தான் இந்தக் கொடிகளின் உயிரையும் காத்தது. 1860களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குள் நுழைந்த ஃபிலாக்சரா என்னும் பூச்சி, வேரில் ஒட்டிச் சாறு உறிஞ்சி, ஐரோப்பாவின் தோட்டங்களை அடுத்தடுத்து அழித்தது. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் அங்கே திராட்சையை மீட்டார்கள். பெரும்பாலும் களிமண் வெடிப்புகளின் வழியாக இந்தப் பூச்சி வேருக்கு வேர் நகர்கிறது. சந்தொரினி மண்ணில் களிமண் மிகமிகக் குறைவு. உதிரும் மணலில் பூச்சிக்கு வழியில்லை. ஆகவே இங்குள்ள கொடிகள் ஒட்டில்லாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. ஒரு கொடி பட்டுப்போனால் பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டால் போதும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வியப்பு இந்தக் கொடிகளின் வயது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் கவாத்து செய்து, புதுக் கிளையைப் பழைய வளையத்தின்மேல் சுற்றுகிறார்கள். ஆண்டுகள் ஏற ஏற, வேரிலிருந்து நுனிக்கு நீர் கடக்கவேண்டிய மரத்தின் நீளம் சுற்றிச் சுற்றிக் கூடுகிறது. பல பத்தாண்டுகளில் விளைச்சல் சரிந்ததும் கூடையைத் தரைமட்டத்தில் வெட்டிவிடுகிறார்கள். அடியில் உறங்கிய மொட்டு துளிர்க்கிறது. அதைக்கொண்டு அடுத்த கூடை. வேர் பழையதுதான். இருநூறு, முந்நூறு ஆண்டு கண்ட வேர்கள் உண்டு என்பது தீவின் விவசாயிகள் சொல்லும் கணக்கு. வெட்டப்பட்ட மரத்தோடு அதன் வளையங்களும் போய்விடுவதால் வெளியே தெரியும் தண்டை வைத்து அந்த வயதைச் சொல்ல முடியாது.

இத்தகைய வேர் ஆழத்தில் பரவி, தன்னுள் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். வறண்ட ஆண்டில் இளங்கொடி துவண்டாலும் முதுகொடி தாங்கிப்பிடிப்பது அதனால்தான். முதிய கொடியின் சிறப்பு என்று நான் முதலில் சொல்வது இந்த நிதானத்தைத்தான்.

தீவின் முதன்மை ரகம் அசிர்திகோ என்னும் வெள்ளைத் திராட்சை. வெப்பநாடுகளில் பழம் இனிக்க இனிக்கப் புளிப்பு போய்விடும், ஒயின் சப்பென்றாகும். அசிர்திகோ ஆகஸ்ட் வெயிலில் நன்றாகப் பழுத்த பிறகும் புளிப்பைக் கைவிடுவதில்லை. வெப்பத்தில் கொடி எரித்துத் தீர்ப்பது மாலிக் அமிலத்தை. நம் புளியிலும் இருக்கும் டார்டாரிக் அமிலம் அவ்வளவு எளிதில் சிதையாது. அந்த அமிலத்தை மட்டுப்படுத்தும் பொட்டாசியமும் இந்த எரிமலை மண்ணில் குறைவு.

ஒயின் செய்வதும் நெடுங்காலம் பெரும்பாலும் குடும்ப அளவில் நடந்தது. சாம்பல் பாறையைக் குடைந்த கானவா என்னும் குகைக்கூடங்கள் கோடையிலும் குளிர்ந்திருக்கும். அங்கே காலால் மிதித்துச் சாறெடுத்து நொதிக்கவைத்தார்கள். வின்சாந்தோ என்ற இனிப்பு ஒயினுக்குப் பழத்தை ஏறக்குறைய இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி, பிழிந்த சாற்றை நொதிக்கவைத்து, ஓக் பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டு வைப்பார்கள். ரஷ்யத் தேவாலயங்களின் திருவிருந்துக்கு ஒருகாலத்தில் இங்கிருந்து அது கப்பலேறியது.

1956 நிலநடுக்கத்துக்குப் பிறகு பலர் தீவை விட்டுப் போனார்கள். பின்னர் வந்த சுற்றுலா, நிலத்தின் விலையைத் திராட்சை ஒருபோதும் ஈடுகட்ட முடியாத உயரத்துக்கு ஏற்றிவிட்டது. தோட்டங்கள் விடுதிகளாகின்றன. கூடை பின்னத் தெரிந்த கைகளும் குறைந்துவருகின்றன. அந்த வேலையை எந்த இயந்திரமும் செய்வதில்லை.

சந்தொரினிக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், சூரியன் மறைவதைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். பிர்கோஸ், மெகாலோஹோரி ஊர்களின் பக்கம் ஒரு காலைப்பொழுது நடந்து பாருங்கள். வழியில் தென்படும் புதர்களை மிதித்துவிடாதீர்கள். அவை திராட்சைக் கொடிகள்.