சைட்டுக்கு அப்ரூவல் இருக்கு, பள்ளம் எங்கே?

சூலூர்ப் பக்கம் திருச்சி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால், தோட்டமா இருந்த இடத்தில் கல் நட்டு சைட் பிரிச்சிருப்பதைப் பார்க்கலாம். அதில் பழைய மனைப்பிரிவுகள் பலதும் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி வித்தவை. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தும் சீலும் இருக்கும். ஆனால் 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி, மனைப்பிரிவுக்கான அனுமதி டிடிசிபி வழியாக வரணும்.

ஏன் அங்கே போகலை? கணக்கு எளிது. 5 ஏக்கர்னா 500 சென்ட். ரோட்டுக்கு மூணில் ஒரு பங்கு போனால் மிச்சம் 333 சென்ட். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கணும். இங்கே அது 33 சென்ட். அனுமதி வாங்காமல் பிரிச்சால் இந்த 33 சென்ட்டும் விலையாகும், ரோட்டையும் குறுக்கலாம். சைட் சல்லிசாகக் கிடைத்த ரகசியம் இதுதான்.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டது. விளைநிலம் வீட்டுமனையாவதை எதிர்த்துப் போட்ட பொதுநல வழக்கு அது. ஆனால் அடி விழுந்தது, சீட்டுக் கட்டி 3 சென்ட் வாங்கினவங்க மேல. விக்கவும் முடியலை, பேங்க் லோனும் இல்லை. தோட்டத்தைப் பிரிச்சு வித்தவர் எப்பவோ பணத்தோட போயிட்டார். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குள் பத்திரமான மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கலாம். நீர்நிலை, வாய்க்கால் மேல இருந்தால் கிடையாது.

இதனால காகிதம் சரியாச்சு. அது சின்ன விஷயமில்லை, பல குடும்பத்துக்கு அந்த சைட்தான் மொத்தச் சேமிப்பு. ஆனால் வீடு கட்டி முடிஞ்ச இடத்தில் ரோட்டை அகலப்படுத்தவோ பூங்கா விடவோ மண் எங்கே இருக்கு?

எனக்குப் பெரிய கவலை பள்ளம். நம்ம ஊர்ல மழைத்தண்ணி காட்டு வழியா வந்து பள்ளத்தில் சேர்ந்து, குளத்துக்கோ நொய்யலுக்கோ போகும். பட்டா நிலத்துக்குள் ஓடுற சின்ன ஓடை பல சமயம் புலப்படத்தில் தனியா இருக்காது. அதனால தடையில் மாட்டாமல் சைட்டாயிடுது. தண்ணிக்குப் புலப்படம் தெரியாது, வீட்டுக்குள்ள வந்துடும்.

சைட் பார்க்கப் போறீங்கன்னா, வில்லங்கச் சான்றும் அப்ரூவல் நம்பரும் பாருங்க. ஐப்பசி மழையில் ஒருமுறை நேரில் போய், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட தண்ணி எந்தப் பக்கம் போகும்னும் கேட்டுக்குங்க.