நிலம் ஆசிரியராகும் மழலையர் பள்ளி

ஆஸ்திரேலியத் தொல்குடி மக்களின் கற்பித்தல் முறைகள் மழலையர் கல்விக்குள் வருவதென்றால், பாடத்தில் ஓர் அத்தியாயம் கூடுவது மட்டும் போதாது; யார், எங்கே, எப்படிக் கற்பிப்பது என்பதே மாற வேண்டும்.

ஆஸ்திரேலிய மத்திய, மாநில அரசுகளும் தொல்குடி அமைப்புகளின் கூட்டணியும் 2020ஆம் ஆண்டில் செய்துகொண்ட தேசிய உடன்படிக்கை, தொல்குடி மக்களுக்கும் ஏனைய ஆஸ்திரேலியர்களுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வுகளைக் களைவதற்கென வகுத்த இலக்குகளுள் இரண்டு மழலைப் பருவத்தைப் பற்றியவை. முழுநேரப் பள்ளியில் சேர்வதற்கு முந்தைய ஆண்டில் தொல்குடிக் குழந்தைகளில் 95 விழுக்காட்டினர் முன்பள்ளியில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒன்று. 2025 வரை அவகாசம் இருந்தும் அது முன்னதாகவே எட்டப்பட்டுவிட்டது. பள்ளியில் அடியெடுத்து வைக்கும் தொல்குடிக் குழந்தைகளில், உடல்நலம், சமூகப் பழக்கம், மன முதிர்ச்சி, மொழியும் சிந்தனையும், தொடர்பாடலும் பொது அறிவும் ஆகிய ஐந்து துறைகளிலும் வயதுக்கேற்ற வளர்ச்சி பெற்றவர்கள் 2031ஆம் ஆண்டுக்குள் 55 விழுக்காடாக வேண்டும் என்பது மற்றொன்று. 2018இல் 35.2 விழுக்காடாக இருந்த இந்த அளவு, 2021இல் 34.3 விழுக்காடாகச் சரிந்தது.

இந்தச் சரிவுக்கு வறுமை, நெரிசலான வீடுகள், கேட்கும் திறனைக் குறைக்கும் நடுக்காது நோய் எனப் பள்ளிக்கு வெளியேயும் வலுவான காரணங்கள் உண்டு. ஆயினும், பதிவேட்டில் பெயர் ஏறியதால் மட்டும் கல்வி நிகழ்ந்துவிடாது என்பதையும், குழந்தை வீட்டில் கற்கும் விதத்துக்கும் பள்ளி கற்பிக்கும் விதத்துக்கும் இடையே பெரும் பிளவு இருக்கிறது என்பதையும் தொல்குடிக் கல்வியாளர்கள் பல பத்தாண்டுகளாக வலியுறுத்தி வருகின்றனர். அந்தப் பிளவை இணைக்க, குழந்தை மட்டுமே மாறிக்கொண்டிருந்தால் போதாது, பள்ளியும் மாற வேண்டும் என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம்.

அச்சத்தின் வேர்

இந்த வாதத்தின் அழுத்தத்தைப் புரிந்துகொள்ள வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான தொல்குடிக் குழந்தைகள் குடும்பங்களிடமிருந்து வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டு, அரசு விடுதிகளிலும் கிறித்தவ மிஷன்களிலும் வெள்ளையர் இல்லங்களிலும் வளர்க்கப்பட்டதாக 1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை பதிவு செய்தது. ‘களவாடப்பட்ட தலைமுறைகள்’ என்று அழைக்கப்படும் அவர்களிடம் 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். தாய்மொழியைப் பேசியதற்கே தண்டனை பெற்ற பாட்டிகளின் பேரக்குழந்தைகள்தாம் இன்று முன்பள்ளிகளுக்கு வருகின்றனர். எனவே, அரசு நடத்தும் எந்தக் குழந்தைகள் நிலையமும் அந்தக் குடும்பங்களுக்குப் பழைய அச்சத்தை நினைவூட்டக்கூடியதே. பாட்டியையும் அத்தையையும் வகுப்பறைக்குள் மதிப்போடு அமர்த்துவது கற்பித்தல் உத்தியாக மட்டுமின்றி, இழந்த நம்பிக்கையை மீட்கும் வழியாகவும் அமைகிறது.

பார்த்தும் கேட்டும் கற்றல்

1788இல் ஐரோப்பியக் குடியேற்றம் தொடங்கியபோது 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கிய கண்டத்தில், எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான ஒரே கற்பித்தல் முறை இருந்திருக்க இயலாது. இருந்தபோதிலும், பல சமூகங்களில் ஒத்த இயல்புகள் சில தென்படுகின்றன. வடக்குக் கடலோரத்தில் உள்ள மிலிங்கிம்பி தீவில் யோல்ங்கு மக்களின் குழந்தைகளை ஆராய்ந்த ஸ்டீபன் ஹாரிஸ், அவர்கள் விளக்கவுரையைக் கேட்டுக் கற்பதைவிடக் கூர்ந்து பார்த்தும், போலச் செய்தும், தவறித் திருத்திக்கொண்டும் கற்கின்றனர் என்றும், செயற்கையான பயிற்சிகளைவிட மீன்பிடித்தல், கிழங்கு தோண்டுதல் போன்ற உண்மையான வேலைகளின் நடுவிலேயே அவர்களுடைய கற்றல் நிகழ்கிறது என்றும் எழுதினார்.

பார்த்துக் கற்பதன் வலிமையை ஜூடித் கியரின்ஸ் 1981இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. மேற்குப் பாலைப் பகுதியைச் சேர்ந்த தொல்குடிச் சிறுவர்களின் முன்பும் வெள்ளைச் சிறுவர்களின் முன்பும் ஒரே விதமாகப் பொருட்கள் பரப்பப்பட்டன. சில வரிசைகளில் கல், இலை, இறகு போன்ற இயற்கைப் பொருட்களும், வேறு சிலவற்றில் மனிதர் செய்த சிறு பொருட்களும் இருந்தன. சிறிது நேரம் பார்க்கவிட்டபின் அவை கலைக்கப்பட்டு, பழைய இடங்களிலேயே திரும்ப வைக்குமாறு சொல்லப்பட்டது. வெள்ளைச் சிறுவர்களில் பலர் பொருட்களின் பெயர்களை முணுமுணுத்து மனத்தில் பதிக்க முயன்றனர். தொல்குடிச் சிறுவர்களோ அசையாமல், பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிதானமாக ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தனர். எல்லா வகை வரிசைகளிலும் அவர்களே சிறந்து விளங்கினர். பெயரால் வேறுபடுத்த இயலாத, முழுவதும் கற்களாலேயே ஆன வரிசையிலும் அவர்கள் தடுமாறவில்லை. வாய்ச்சொல்லால் மட்டும் அறிவை அளக்கும் வகுப்பறையில் இத்தகைய திறன் கண்ணுக்குப் படாமலேயே போய்விடும்.

அமைதிக்கும் இதே கதிதான். விடை தெரிந்த ஆசிரியர், ‘இது என்ன நிறம்?’ என்று கேட்டு ஒரு குழந்தையை மட்டும் எழுப்பி நிறுத்துவது மழலையர் பள்ளிகளின் அன்றாட வழக்கம். தனக்குத் தெரிந்ததையே ஒருவர் ஏன் கேட்கிறார் என்பது பல தொல்குடிக் குழந்தைகளுக்குப் புரிவதில்லை. கூட்டத்திலிருந்து தனித்துப் பிரிக்கப்படுவது அவர்களுக்குப் பெரும் கூச்சத்தைத் தருகிறது. அதனால் எழும் மௌனத்தை அறியாமை என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். வடக்குப் பிரதேசத்தின் டேலி ஆற்றங்கரையைச் சேர்ந்த மூத்த கல்வியாளரும் ஓவியருமான மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பௌமன், தம் மக்களின் மரபில் ‘தாதிரி’ எனப்படும், உள்ளார்ந்து செவிமடுக்கும் பொறுமையான அமைதியை உலகறியச் செய்தவர். 2021இல் ஆஸ்திரேலியாவின் சிறந்த மூத்த குடிமகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மரபை அறிந்த ஆசிரியர், கேள்விக்குப் பின் காத்திருப்பார். தனி ஒருவரைக் கேட்பதற்குப் பதில் குழுவாகச் சேர்ந்து செய்து காட்டச் சொல்வார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கற்றுத்தர இடம் கொடுப்பார்.

மணலில் விரியும் கதை

மத்திய ஆஸ்திரேலியாவின் அரெர்ண்டெ, வார்ல்பிரி முதலிய சமூகங்களின் பெண்கள் கதை சொல்லும்போது தரையில் அமர்ந்து, உள்ளங்கையால் மணலைச் சமன் செய்து, விரலால் வரைந்துகொண்டே பேசுகின்றனர். குதிரைலாட வடிவிலான வளைவு, அமர்ந்திருக்கும் ஒருவரைக் குறிக்கும். வட்டம், நெருப்பாகவோ நீர்ச்சுனையாகவோ இருக்கலாம். நீண்ட வளைகோடு, காற்றுத் தடுப்பு. அருகருகே இழுக்கப்பட்ட சிறு கோடுகள், உறங்குபவர்கள். ஒரு காட்சி முடிந்ததும் மணல் துடைக்கப்பட்டு அடுத்த காட்சி தொடங்குகிறது. சொல், கோடு, கைச்சைகை, பாட்டு ஆகியவை ஒன்றாக இயங்கும் இக்கலையைச் சிறுமிகள் தாமே பயில்கின்றனர்; இலைகளைக் கதைமாந்தர்களாக நிறுத்தி வைத்து, நாள் முழுவதும் குடும்பக் கதைகளை நடத்துகின்றனர்.

எழுத்தறிவுக்கு முந்தைய திறன்கள் என்று கல்வியியல் வகுப்பவை யாவும் இந்த மணற்பரப்பில் இருக்கின்றன. ஒரு குறி ஒரு பொருளைச் சுட்டும் என்பதையும், நிகழ்வுகளுக்கு வரிசை உண்டு என்பதையும், மேலிருந்து பார்த்தால் இடம் எவ்வாறு தோன்றும் என்பதையும் குழந்தை தன் விரல் நுனியில் அறிந்துகொள்கிறது. ஒரு முன்பள்ளி தன் மணல்தொட்டியை விளையாட்டு நேரத்துக்கு மட்டும் ஒதுக்காமல், உள்ளூர்ப் பாட்டி ஒருவரை அதன் அருகே அமர்த்திக் கதை சொல்லச் செய்தால், அங்கே மொழிப்பாடம் நடக்கிறது என்றே பொருள்.

கல்வியாளர் டைசன் யுங்கபோர்ட்டா, மேற்கு நியூ சவுத் வேல்ஸ் சமூகங்களோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து உருவாக்கி 2009 அளவில் அறியச் செய்த ‘எட்டு வழிகள்’ என்னும் கட்டமைப்பு இத்தகைய கூறுகளைத் தொகுத்துத் தருகிறது. கதை பகிர்தல், கற்றலின் பாதையை வரைபடமாக்குதல், சொல்லின்றி உணர்த்துதல், குறியும் உருவமும், நிலத்தோடு பிணைப்பு, நேர்கோட்டில் செல்லாத சிந்தனை, முழுமையைக் கண்டபின் கூறுகளாகப் பிரித்து மீண்டும் சேர்த்தல், சமூகத்தோடு பிணைப்பு என்பவை அந்த எட்டு. தொல்குடி மக்களைப் ‘பற்றி’க் கற்பிப்பதைவிட, எந்தப் பாடத்தையும் தொல்குடி வழியில் கற்பிப்பதே அதன் நோக்கம்.

நிலமும் பருவமும்

பெர்த் நகரை உள்ளடக்கிய தென்மேற்குப் பகுதி நூங்கர் மக்களின் நிலம். அவர்களுடைய ஆண்டில் பிராக், புனுரு, ஜெரன், மகுரு, ஜில்பா, கம்பராங் என ஆறு பருவங்கள் உண்டு. அந்நகரின் மழலையர் வகுப்புகளில் வழக்கமாகக் கற்பிக்கப்பட்டவையோ, இங்கிலாந்திலிருந்து வந்த நான்கு பருவங்கள். இலையுதிர்காலம் என்று சுவரில் செம்மஞ்சள் இலைகளை ஒட்டும் குழந்தை, சாளரத்துக்கு வெளியே பார்த்தால் அங்கே நிற்கும் யூகலிப்டஸ் மரம் பசுமையாகவே இருக்கும். நூங்கர் நாட்காட்டியைப் பின்பற்றும் வகுப்பு, அக்டோபர், நவம்பர் மாதங்களின் கம்பராங் பருவத்தில் வெளியே சென்று காட்டுப்பூக்கள் மலர்வதையும், குளிர் உறக்கத்திலிருந்து பாம்புகள் வெளிவருவதையும், கூட்டில் குஞ்சுகளை வைத்திருக்கும் மாக்பை பறவைகள் வழிப்போக்கர்களின் தலையை நோக்கிப் பாய்வதையும் பார்க்கிறது. பறவை ஏன் பாய்கிறது என்று தெரிந்த குழந்தை அதைக் கண்டு வெறுமனே அஞ்சாது. அதன் கூட்டுக்கு வழிவிட்டு விலகி நடக்கும். அறிவியலும் அறமும் தன் பாதுகாப்பும் ஒரே நடையில் அதற்குக் கிடைத்துவிடுகின்றன.

நிலம் என்பது இம்மக்களுக்கு மண்ணும் நீரும் மட்டும் அன்று; முன்னோர், விலங்கு, தாவரம், மொழி, கடமை அனைத்தையும் உறவாகப் பிணைக்கும் உயிருள்ள ஒன்று. மழலையர் கல்வி அறிஞரான கேரன் மார்ட்டின், இந்த உறவுடைமையையே தொல்குடி அறிவின் அடிப்படையாக விளக்குகிறார். அந்தப் பார்வையில், குழந்தை வளர்வதாவது, யாருக்கு, எதற்குத் தான் உறவு என்பதைப் படிப்படியாக அறிந்து, அந்த உறவுக்குரிய கடமையை ஏற்பதாகும்.

இரு நீர் கலக்கும் இடம்

தொல்குடி வழியை ஏற்றால் ஆங்கிலமும் கணிதமும் பின்தங்கிவிடும் என்ற ஐயத்துக்கு, வடக்குப் பிரதேசத்தின் ஆர்னம் லேண்டில் உள்ள யிர்க்கலா கிராமத்தின் பள்ளி தக்க விடை. கடலிலிருந்து வரும் உவர்நீரும் நிலத்திலிருந்து வரும் நன்னீரும் கலந்து நுரைக்கும் ‘கன்மா’ என்ற யோல்ங்கு கருத்தைக் கொண்டு, இரு அறிவு மரபுகளும் ஒன்றையொன்று விழுங்காமல் சந்திக்கும் ‘இருவழிக் கல்வி’ அங்கே வளர்த்தெடுக்கப்பட்டது. 1990இல் அப்பள்ளியின் தலைமையாசிரியரான மண்டவுய் யுனுப்பிங்கு, யோது யிந்தி இசைக்குழுவின் பாடகராகவும் புகழ்பெற்றவர். யோல்ங்கு மக்களின் ‘குர்ருட்டு’ எனப்படும் உறவுமுறை, ஒவ்வொருவரையும் மற்ற எல்லாரோடும் விதிப்படி இணைக்கும் நுட்பமான ஒழுங்கு. அதையே வாயிலாகக் கொண்டு எண்களின் ஒழுங்கைக் கற்பிக்கும் பாடத்திட்டமும் அங்கே உருவாயிற்று.

வடக்குப் பிரதேசத்தில் 1973இல் தொடங்கிய இருமொழிக் கல்விக்கு, நாளின் முதல் நான்கு மணி நேரமும் ஆங்கிலத்திலேயே பாடம் நடக்க வேண்டும் என்று 2008இல் அரசு பிறப்பித்த ஆணை பெரும் அடியாக விழுந்தது. யிர்க்கலா சமூகம் தன் வழியைக் கைவிடவில்லை. 2020இல் அப்பள்ளியின் எட்டு மாணவர்கள், பல்கலைக்கழக நுழைவுக்குரிய மதிப்பெண்களோடு பன்னிரண்டாம் வகுப்பை நிறைவு செய்தனர். அந்தச் சமூகத்தில் அதுவே முதல் முறை. அதே பிரதேசத்தில் 2009 முதல் நடந்துவரும் ‘குடும்பங்களே முதல் ஆசிரியர்கள்’ என்ற திட்டம், தாய்மாரையும் பாட்டிமாரையும் குழந்தைகளோடு சேர்த்தே வரவேற்கிறது.

ஆவணத்திலிருந்து அன்றாடத்துக்கு

கொள்கை அளவில் மாற்றம் வந்துவிட்டது. 2009இல் வெளியான தேசிய மழலையர் கற்றல் கட்டமைப்பு, 2022இல் திருத்தப்பட்டபோது, தொல்குடி மக்கள், டோரஸ் நீரிணைத் தீவினர் ஆகியோரின் நோக்குகளை அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. அக்கட்டமைப்பு நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 95 ஆயிரம் பேர் வீட்டில் தமிழ் பேசும் அந்நாட்டில், தமிழ்க் குழந்தைகளும் அதன்கீழ்தான் வளர்கின்றனர்.

நடைமுறையில் இரண்டு ஆபத்துகள் எஞ்சியுள்ளன. முதலாவது, மேம்போக்கு. சிட்னியிலோ மெல்போர்னிலோ உள்ள குழந்தைகளிடம் அட்டையில் வெட்டிய பூமராங்கைக் கொடுத்துப் புள்ளிகள் வைக்கச் சொல்வதில், அந்நகரங்களின் நிலத்துக்குரிய மக்களைப் பற்றி எதுவுமே இல்லை; புள்ளி ஓவியம், 1971இல் பப்புன்யாவில் தொடங்கிய மேற்குப் பாலை ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தது. இரண்டாவது, முத்திரை குத்துதல். தொல்குடிக் குழந்தை என்றாலே கையால்தான் கற்கும், பேசாது என்று முடிவு கட்டும் ஆசிரியர், பழைய தாழ்வெண்ணத்துக்குப் புதிய பெயர் சூட்டுகிறார். டோரஸ் நீரிணையைச் சேர்ந்த அறிஞர் மார்ட்டின் நக்காட்டா, இரு அறிவு மரபுகளும் சந்திக்கும் சிக்கலான இடைவெளியிலேயே இம்மக்கள் வாழ்கின்றனர் என்றும், அவர்களை எளிய எதிரிணைகளுக்குள் அடைக்க இயலாது என்றும் எடுத்துக்காட்டுகிறார்.

இவ்விரண்டு ஆபத்துகளுக்கும் மாற்று ஒன்றே: முடிவெடுக்கும் உரிமையை அந்தந்த நிலத்துக்குரிய சமூகத்திடம் ஒப்படைப்பது. எந்தக் கதையைச் சொல்லலாம், யார் சொல்லலாம், எந்தப் பருவத்தில் எங்கே அழைத்துச் செல்லலாம் என்பதை மூத்தோர் தீர்மானிக்க வேண்டும். அவர்களுடைய அறிவுக்கு ஆசிரியருக்கு நிகரான பதவியும் ஊதியமும் வழங்கப்பட வேண்டும். தொல்குடி இளைஞர்கள் தம் ஊரிலேயே பயின்று தகுதி பெற்ற ஆசிரியர்களாக வழிவகை செய்யப்பட வேண்டும். குழந்தையின் வளர்ச்சியை அளக்கும் கருவிகளும், மணலில் கதை வரையும் திறனையும் உறவுக் கடமையை உணர்ந்த பண்பையும் கணக்கில் கொள்ளுமாறு திருத்தப்பட வேண்டும். இவை செலவும் காலமும் பிடிப்பவை என்பது உண்மை. எனினும், பல்லாயிரம் ஆண்டுகளாகத் தன் குழந்தைகளை அறிவும் உறவும் நிறைந்தவர்களாக வளர்த்த ஒரு மரபு கண்ணெதிரே இருக்கையில், அதற்கு வகுப்பறையில் ஒரு மூலையை மட்டும் ஒதுக்குவது நீதியும் ஆகாது, நல்ல கல்வியும் ஆகாது.