ஐ.இ.சி.யை இரவல் கொடுக்காதீர்கள்: துறைமுகச் சரக்கும் நம் குடும்பங்களும்

"மாமா, உங்க பேர்ல ஒரு லைசென்ஸ் மட்டும் எடுத்துக் கொடுங்க. சரக்கு, கிளியரன்ஸ் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம். கண்டெய்னருக்கு இவ்வளவுன்னு உங்க கணக்குல விழுந்துடும்."

வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, அடையாறிலோ மயிலாப்பூரிலோ குடியிருக்கும் ஒருவரிடம் சொந்தக்காரப் பையன் இப்படிக் கேட்டால் அதில் தவறேதும் இருப்பதாகத் தோன்றாது. முதலீடு இல்லை, கடை இல்லை, கையெழுத்து மட்டும்தான். தி.நகரில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் சிலரும், "நமக்குத்தான் லைசென்ஸ் இருக்கே, ஒரு கண்டெய்னர் அவர் பேரில் வராமல் நம் பேரில் வந்தால் என்ன?" என்று நினைக்கிறார்கள். என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள, துறைமுகத்தில் ஒரு பெட்டி எப்படி வெளியே வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஐ.இ.சி. என்பது என்ன?

அந்த "லைசென்ஸ்" என்பது இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண். சுருக்கமாக ஐ.இ.சி. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் இதை இணையம் வழியாகவே தருகிறது. அதன் சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் இருக்கிறது. கட்டணம் 500 ரூபாய்தான். இப்போது நமது பான் எண்ணேதான் ஐ.இ.சி. எண்ணாகவும் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள், மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விவரங்களை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் செயலிழந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஐ.இ.சி.யை இரவல் கொடுப்பது என்றால் நம் பான் எண்ணை இரவல் கொடுப்பது என்று அர்த்தம். வருமான வரி, ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு எல்லாம் அந்த ஒரே எண்ணில் கட்டப்பட்டிருக்கின்றன. வேறொருவர் இறக்கும் சரக்கின் மதிப்பு முழுவதும் நம் வணிகமாகவே பதிவாகும்.

கப்பலிலிருந்து கடை வரை

சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர்களுக்கென்று தனி முனையம் 1983-இல் வந்தது. 2001 முதல் அதைத் தனியார் நிறுவனம் நடத்துகிறது. 2009-இல் இரண்டாவது முனையமும் செயல்படத் தொடங்கியது. இவற்றோடு காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களிலும் பெட்டிகள் இறங்குகின்றன. ராஜாஜி சாலையில் இருக்கும் சுங்க இல்லமும், அதற்குப் பின்னால் தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு, மண்ணடி வரை நெருக்கமாக இருக்கும் புரோக்கர் அலுவலகங்களும்தான் இந்தத் தொழிலின் மையம்.

சரக்கு கப்பலில் ஏறியதும் கப்பல் நிறுவனம் பில் ஆஃப் லேடிங் என்ற சரக்குச் சீட்டைத் தருகிறது. அதையும் விலைப் பட்டியல், பேக்கிங் லிஸ்ட், தேவையான சான்றுகள் ஆகியவற்றையும் வைத்து 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற இறக்குமதி அறிக்கையை, சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளம் வழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். சரக்கு என்ன, எந்த வகைப்பாட்டு எண், எந்த நாடு, என்ன மதிப்பு, எவ்வளவு வரி என்பதையெல்லாம் அதில் இறக்குமதியாளரே அறிவிக்கிறார். வரியை முதலில் மதிப்பிடும் பொறுப்பும் இறக்குமதியாளருடையதுதான். 2011-இல் வந்த இந்த மாற்றத்தைப் பலரும் இன்னும் உணரவில்லை. "அதிகாரி போட்ட வரியைக் கட்டினேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அறிக்கை பதிவானதும் கணினி அதை அலசுகிறது. ஆபத்து குறைவு என்று கருதப்படும் சரக்கு நேராக வரி கட்டும் கட்டத்துக்குப் போய்விடும். மற்றவை மதிப்பீட்டுக்கோ, பெட்டியைத் திறந்து பார்க்கும் சோதனைக்கோ போகும். 2020 ஜூன் மாதம் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கி, அந்த ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் வந்துவிட்ட முகமறியா மதிப்பீட்டு முறையில், சென்னையில் இறங்கும் சரக்கின் தாள்களை வேறு நகரத்தில் இருக்கும் அதிகாரி பார்க்கலாம். "ஆபீஸில் ஆள் தெரியும், முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் அதை நம்புவதற்கு இப்போது இடமில்லை.

சோதனை பெரும்பாலும் மாதவரம், மணலி பக்கம் உள்ள கண்டெய்னர் சரக்கு நிலையங்களில் நடக்கிறது. வரி கட்டி, சோதனை முடிந்து, சுங்க அதிகாரி 'அவுட் ஆஃப் சார்ஜ்' கொடுத்து, கப்பல் நிறுவனம் டெலிவரி ஆர்டர் கொடுத்த பிறகே லாரி வெளியே வரும்.

தாமதத்தின் விலை

கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகிவிட வேண்டும் என்பது பொது விதி. தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்டணம். இது தவிர, இலவச நாட்கள் கழிந்த பின் இடத்துக்கு டெமரேஜ், கப்பல் நிறுவனத்தின் பெட்டியைத் திருப்பித் தராததற்கு டிடென்ஷன் என்று இரண்டு மீட்டர்கள் தனித்தனியே ஓடும். சரக்கு இறங்கி 30 நாட்களுக்குள் எடுக்கப்படாவிட்டால், நோட்டீஸ் கொடுத்து, சுங்கத்துறையின் அனுமதியோடு அதை விற்றுவிட 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 48-வது பிரிவு இடமளிக்கிறது. ரமலானுக்கு என்று வரவழைத்த பேரீச்சம்பழம் பெருநாள் கழிந்து வெளியே வந்தால் யாருக்கு லாபம்?

வரிக் கணக்கு எப்படி?

சரக்கின் விலை, கப்பல் கூலி, காப்பீடு மூன்றையும் சேர்த்த தொகைதான் வரிக்கான அடிப்படை. ஓர் எளிய கணக்கு போடுவோம். அந்தத் தொகை 10 லட்சம் ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், ஐ.ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 2 லட்சம். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நல மேல்வரி, அதாவது 20,000. இப்போது மொத்தம் 12,20,000. இதில் 5 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. 61,000. ஆக, கட்ட வேண்டியது 2,81,000 ரூபாய். இதில் ஐ.ஜி.எஸ்.டி. பகுதியை, ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரி விதிகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உண்மையான விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும், பட்ஜெட்டுக்குப் பட்ஜெட்டும் மாறும். ஆர்டர் கொடுக்கும் முன்பே அன்றைய விகிதத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது. "பில்லில் பாதி விலை போட்டுத் தருகிறேன், மீதியை வேறு வழியில் அனுப்பிவிடுங்கள்" என்று விற்பவர் சொல்வார். அதே பொருளை மற்றவர்கள் என்ன விலைக்கு இறக்கியிருக்கிறார்கள் என்ற தகவல் சுங்கத்துறையிடம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அறிவித்த விலையை நிராகரிக்க 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகள் அதிகாரம் தருகின்றன. சரக்கு பறிமுதல், மீட்பு அபராதம், வட்டி என்று அது நீளும். மோசடி என்று கருதினால் ஐந்தாண்டுகள் பின்னோக்கிப் போய் வரி கேட்கலாம். சட்டத்தை விடுங்கள். அளவையில் மோசடி செய்வோரின் பெயரிலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். விலைப் பட்டியலும் ஓர் அளவைதான்.

வரி கட்டினால் மட்டும் போதாது

உணவுப் பொருள் இறக்குவோருக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் மத்திய உரிமம் வேண்டும். சரக்கு வந்து சேரும்போது, பொருளின் மொத்த ஆயுளில் 60 சதவீதமோ அல்லது காலாவதிக்கு முன் மூன்று மாதமோ, இவற்றில் எது குறைவோ அந்த அளவாவது மிச்சம் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று முடியப்போகும் சரக்கை வாங்குபவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உரிம எண் போன்ற சில விவரங்களைச் சுங்கப் பொறுப்பில் இருக்கும்போதே ஸ்டிக்கராக ஒட்டிச் சரிசெய்ய அனுமதி உண்டு. காலாவதித் தேதியை அப்படி ஒட்ட முடியாது. பேரீச்சம்பழம் போன்ற தாவரப் பொருட்களுக்கு, அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் தேவை.

விளையாட்டுப் பொருட்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்கான பி.ஐ.எஸ். உரிமத்தை வெளிநாட்டு உற்பத்தியாளரே பெற்றிருக்க வேண்டும். நாம் இங்கே முத்திரை குத்திக்கொள்ள முடியாது. அழகு சாதனப் பொருட்களுக்கு 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய மருந்துத் தர அமைப்பில் இறக்குமதிப் பதிவு வேண்டும். ரங்கநாதன் தெருவில் விற்பதற்காகப் பொம்மையும் வாசனைப் பொருளும் ஒரே பெட்டியில் போட்டு வரவழைக்கும் சிறு வியாபாரி, ஒரு பொருளுக்குத் தாள் இல்லாவிட்டால் முழுப் பெட்டியும் நிற்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

புரோக்கரின் கடமை எது?

முன்பு கஸ்டம் ஹவுஸ் ஏஜெண்ட் என்று அழைக்கப்பட்டவர்களே இன்று கஸ்டம்ஸ் புரோக்கர்கள். தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்கள். 2018-ஆம் ஆண்டு உரிம விதிகளின் 10-வது விதி அவர்களின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. வாடிக்கையாளரிடம் எழுத்துப்பூர்வ அதிகாரம் பெற வேண்டும். அவருடைய ஐ.இ.சி., ஜி.எஸ்.டி. எண், முகவரி உண்மையானவையா என்று சரிபார்க்க வேண்டும். சட்டப்படி நடக்கும்படி ஆலோசனை சொல்ல வேண்டும். அதை அவர் கேட்காவிட்டால் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வரிக்காக வாங்கிய பணத்தை உடனே அரசுக்குச் செலுத்த வேண்டும். உரிமத்தை விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது.

எனவே நம்மை நேரில் பார்க்காமல், "கே.ஒய்.சி. தாளில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள்" என்று இடைத்தரகர் மூலம் கேட்கும் புரோக்கரிடம் போகாதீர்கள். வரியை அவர் கையில் கொடுப்பதைவிட, ஐஸ்கேட்டில் நாமே நம் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுவது நல்லது. பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் தேதியும் தெரிந்தால், சென்னைத் துறைமுகத்தின் குறியீடான ஐ.என்.எம்.ஏ.ஏ.1 என்பதையும் சேர்த்து, சரக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அதே தளத்தில் பார்க்கலாம்.

இரவல் கொடுத்தவருக்கு என்ன ஆகும்?

முதலில் கேட்ட "மாமா" கதைக்கு வருவோம். தாளில் பிளாஸ்டிக் சாமான் என்று இருந்து, பெட்டிக்குள் 2019-இலேயே தடை செய்யப்பட்ட மின் சிகரெட் இருந்தால் அதிகாரிகள் யாரைத் தேடுவார்கள்? பில் ஆஃப் என்ட்ரியில் இருப்பது நம் பெயர், நம் முகவரி. வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமான டி.ஆர்.ஐ.யின் சென்னை மண்டல அலுவலகம் தி.நகரில்தான் இருக்கிறது. சுங்கச் சட்டத்தின் 108-வது பிரிவின் கீழ் சம்மன் வந்தால் நேரில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கே "எனக்கு ஒன்றும் தெரியாது, கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்பது பதிலாகாது. தெரிந்தே பொய்யான அறிக்கையில் கையெழுத்திட்டதாகத் தெரியவந்தால், 114ஏஏ பிரிவின்படி சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். கடுமையான வழக்குகளில் 135-வது பிரிவின்படி ஏழாண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. ஐ.இ.சி. ரத்தாகலாம்.

சரக்கின் உண்மையான உரிமையாளரையும் இறக்குமதியாளராகக் கருதலாம் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது உண்மைதான். ஆனால் அவரைக் கண்டுபிடித்து நிரூபிக்கும்வரை சுமை நம் தலையில். கண்டெய்னருக்குச் சில ஆயிரம் வாங்கியவர், பல லட்சத்துக்கான நோட்டீசுக்குப் பதில் எழுத வக்கீலைத் தேடிக்கொண்டிருப்பார். சரக்கு இறக்கிய பையனின் போன் அணைந்திருக்கும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? முதலில் உங்கள் பெயரில் தாக்கலான அறிக்கைகளின் விவரத்தை எடுங்கள். புரோக்கருக்குக் கொடுத்த அதிகாரத்தை எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெறுங்கள். ஐ.இ.சி. தேவையில்லை என்றால் இணையத்திலேயே அதை ஒப்படைத்துவிடலாம். சம்மன் வந்தால் ஒளியாதீர்கள். வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பாதகமான ஆணை வந்தாலும் 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். அதற்கு மேல், ஹாடோஸ் சாலையில் இருக்கும் சுங்கத் தீர்ப்பாயமும் உண்டு.

கடல் வணிகம் நம் முன்னோருக்குப் புதிதல்ல. பழவேற்காட்டிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அவர்கள் சம்பாதித்ததில் பெரும் பங்கு வாக்கு மாறாதவர்கள் என்ற பெயர். நம் பிள்ளைகள் துணிந்து இறக்குமதி செய்யட்டும். சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கில், சரியான விலையில் செய்யட்டும். பெயரும் ஓர் அமானிதம்தான். அடுத்த முறை யாராவது "உங்க பேர் மட்டும் போதும்" என்று கேட்டால், உறவு முறியாமல் அன்பாகவே மறுத்துவிடுங்கள். "நீயே உன் பேரில் எடு தம்பி, 500 ரூபாய்தான். எப்படி விண்ணப்பிப்பது என்று வேண்டுமானால் நான் கூட இருந்து காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். நேர்மையாகத் தொழில் செய்ய நினைப்பவன் அதற்குச் சம்மதிப்பான்.